உங்களுக்குப் பிறகு உங்கள் சொத்தை யார் நிர்வகிப்பது? டிரஸ்டியைத் தேர்ந்தெடுப்பது பற்றி ஓர் எளிய விளக்கம்

உயில் எழுதும்போது எந்தச் சொத்து யாருக்கு என்று மாதக்கணக்கில் யோசிப்பார்கள். அதை எடுத்துக் கொடுக்கப்போவது யார், கொடுக்கும்வரை பார்த்துக்கொள்ளப்போவது யார் என்பது மட்டும் கடைசிப் பத்தியில், மூத்த மகன் பெயரோடு இரண்டு வரியில் முடிந்துவிடும். வளர்ந்த பிள்ளைகள் இருவருக்கு வீடும் பணமும் சரிபாதி என்றால் அந்த இரண்டு வரி போதும். சிறு குழந்தை, மாற்றுத்திறன் கொண்ட மகள், கையில் காசு தங்காத மகன், முதல் தாரத்துப் பிள்ளைகளும் இரண்டாம் தாரத்துப் பிள்ளைகளும் உள்ள குடும்பம் என்று ஏதாவது ஒன்று இருந்துவிட்டால், உயிலில் மிகவும் யோசித்து எழுத வேண்டிய வரியே அதுதான்.

இங்கே சொல்வதெல்லாம் இந்தியச் சட்டத்தையும் தமிழ்நாட்டு நடைமுறையையும் வைத்து.

எக்ஸிக்யூட்டர் வேறு, டிரஸ்டி வேறு

உயிலை நிறைவேற்றுபவர் எக்ஸிக்யூட்டர். அவர் வேலைக்கு ஒரு முடிவு உண்டு. இறப்புச் சான்றிதழ் வாங்கி, சொத்துகளைப் பட்டியலிட்டு, வர வேண்டிய பணத்தை வசூலித்து, கடனையும் வரியையும் கட்டி, மிச்சத்தை உயிலில் உள்ளபடி பிரித்துக் கொடுத்துவிட்டால் அவர் விலகிக்கொள்ளலாம். இவரைக் கட்டுப்படுத்துவது 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம்.

டிரஸ்டியின் வேலை அதற்குப் பிறகு தொடங்குகிறது. சொத்து அவர் பெயருக்கு வரும். பலன் இன்னொருவருக்குப் போகும். பேரனுக்கு 25 வயது ஆகும்வரை, மகளின் ஆயுள் முழுக்க என்று அது பல ஆண்டுகள் ஓடும். இவரைக் கட்டுப்படுத்துவது 1882-ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்ட் சட்டம். கோயில், பள்ளி போன்ற பொது அறக்கட்டளைகளுக்கும் வக்ஃபுக்கும் அது பொருந்தாது. குடும்பத்துக்காக ஏற்படுத்தும் தனியார் டிரஸ்டுக்கு மட்டுமே.

இரண்டு வேலையையும் ஒருவரிடமே கொடுக்கலாம், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் தேவைப்படும் குணம் வேறு வேறு. எக்ஸிக்யூட்டருக்கு அலைச்சல் தாங்க வேண்டும்: வங்கி, தாலுகா அலுவலகம், சார்பதிவாளர் அலுவலகம், தேவைப்பட்டால் நீதிமன்றம் என்று ஓரிரு வருடம் ஓடக்கூடியவர். டிரஸ்டிக்கு வேண்டியது நிதானமும் கணக்கு வைக்கும் பழக்கமும், எல்லாவற்றுக்கும் மேலாக ஆயுளும். ஒருவரையே இரண்டுக்கும் போட்டால், எக்ஸிக்யூட்டர் வேலை எந்தத் தேதியில் முடிந்து டிரஸ்டி வேலை தொடங்கியது என்று எழுத்தில் பதிவு செய்துவைக்கச் சொல்லுங்கள். பிற்பாடு கணக்கு கேட்டு வழக்கு வந்தால் முதலில் எழும் கேள்வி அதுதான்.

நாமினியை இதில் குழப்பிக்கொள்ள வேண்டாம். வங்கி வைப்பிலோ பங்குகளிலோ நாமினி என்று பெயர் கொடுத்திருப்பதால் அவர் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. பணத்தைப் பெற்றுக்கொள்ள அவருக்கு அதிகாரம், அனுபவிக்கும் உரிமை வாரிசுகளுக்கு என்பதைப் பங்குகள் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 2023-இல் மறுபடி உறுதி செய்தது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015 திருத்தத்துக்குப் பிறகு பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் நிலைமை மாறும். எனவே டிரஸ்டுக்குப் போக வேண்டிய பணத்துக்கு நாமினி யார் என்பதையும் இப்போதே சரிபாருங்கள். உயில் ஒரு பக்கமும் நாமினி இன்னொரு பக்கமும் இழுப்பது அடிக்கடி நடக்கும் தகராறு.

ஒரு கணக்கு

டிரஸ்டியின் வேலை பணத்தைப் பூட்டி வைப்பது என்று நினைத்தால் இந்தக் கணக்கைப் பாருங்கள். மதுரையில் ஓய்வுபெற்ற தம்பதி, அறிவுசார் மாற்றுத்திறன் கொண்ட 24 வயது மகள். வங்கி வைப்பு 40 லட்சம், வாடகைக்கு விட்ட வீட்டில் மாதம் 18,000 ரூபாய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வட்டி 7 சதவீதம் என்றால் வருடத்துக்கு 2,80,000. வாடகை 2,16,000. மொத்தம் 4,96,000. மகளுக்கு மாதம் 30,000 செலவு, வருடத்துக்கு 3,60,000. சொத்து வரி, பழுதுபார்ப்பு, ஆடிட்டர் கட்டணம் எல்லாம் சேர்த்து 60,000. வரிக்கு முன் 76,000 மிஞ்சுகிறது. போதும் என்றே தோன்றும்.

விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால் அதே 30,000 ரூபாய்ச் செலவு பத்தாவது வருடத்தில் சுமார் 53,700, இருபதாவது வருடத்தில் சுமார் 96,000. மகளுக்கு அப்போது 44 வயதுதான். வைப்பைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் டிரஸ்டியால் இந்த டிரஸ்டைக் காப்பாற்ற முடியாது. எப்போது வீட்டை விற்பது, எதில் முதலீடு செய்வது, எப்போது அசல் பணத்திலிருந்தே எடுப்பது என்று அவர் முடிவெடுத்தாக வேண்டும். நாணயமானவர் என்பது மட்டும் தகுதி ஆகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை.

இந்த மகளுக்கு இன்னொன்றும் தேவை. 18 வயது தாண்டிவிட்டால் பெற்றோரும் தானாகவே சட்டப்படியான காப்பாளர் ஆகிவிட மாட்டார்கள். அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், பெருமூளை வாதம், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999-ஆம் ஆண்டின் தேசிய டிரஸ்ட் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர் குழு காப்பாளரை நியமிக்கும். அந்தக் காப்பாளரும் பணத்தை வைத்திருக்கும் டிரஸ்டியும் வேறு வேறு ஆளாக இருப்பது நல்லது. கூட இருந்து பார்த்துக்கொள்பவர் செலவைக் கேட்கட்டும், இன்னொருவர் ரசீது பார்த்துக் கொடுக்கட்டும். ஒரே ஆள் கேட்டு ஒரே ஆள் கொடுத்தால் கணக்குப் பார்க்க யாரும் இருக்க மாட்டார்கள். அந்த மகளால் பார்க்கவும் முடியாது.

யாரைப் போடலாம், யாரைப் போடக்கூடாது

சட்டம் வைக்கும் வாசல் அகலமானது. சொத்து வைத்திருக்கத் தகுதி உள்ள எவரும் டிரஸ்டி ஆகலாம். சொந்தமாக முடிவெடுக்க வேண்டிய டிரஸ்ட் என்றால் ஒப்பந்தம் செய்யும் தகுதியும் வேண்டும், அதாவது 18 வயது நிறைந்த, மனநலம் உள்ள ஆள். ஆனால் தகுந்த டிரஸ்டி வேண்டும் என்று கேட்கும் உரிமையைப் பயனாளிக்கு டிரஸ்ட் சட்டத்தின் 60-ஆம் பிரிவு தருகிறது. அந்தப் பிரிவே யார் தகுந்தவர் அல்ல என்றும் சொல்கிறது: வெளிநாட்டில் நிரந்தரமாகக் குடியேறியவர், திவாலானவர், பயனாளியின் நலனுக்கு எதிரான நலன் உள்ளவர், மைனர். திருமணமான பெண்ணும் அந்தப் பட்டியலில் இருக்கிறார். 1882-இல் எழுதிய சட்டம் என்பதை நினைவூட்டும் வரி அது. பயனாளியின் தனிநபர் சட்டம் அனுமதித்தால் தடையில்லை என்ற விலக்கும் கூடவே இருப்பதால், மனைவியையோ மகளையோ நியமிக்க இன்று யாரும் தயங்குவதில்லை, தயங்கவும் வேண்டாம்.

நம் குடும்பங்களில் அதிகம் இடிப்பது அந்த முதல் வகை. மகன் டல்லாஸில், மகள் சிட்னியில்; நம்பிக்கைக்கு உரியவர்கள் அவர்கள்தான். ஆனால் டிரஸ்டி தொடர்ந்து ஆறு மாதம் இந்தியாவில் இல்லாமல் இருந்தாலே அவர் இடத்தில் வேறொருவரை நியமிக்க 73-ஆம் பிரிவு வழிசெய்கிறது. தகராறு பண்ண நினைக்கும் உறவினருக்கு அது போதும். நடைமுறைத் தொல்லை தனி: ஒவ்வொரு அதிகாரப் பத்திரத்துக்கும் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம், வங்கியில் வெளிநாடு வாழ் இந்தியருக்கான தனிப் படிவங்கள், வெளிநாட்டு டிரஸ்டில் பொறுப்பு வகிப்பதால் அந்நாட்டு வரித்துறைக்கும் விவரம் தாக்கல் செய்யும் கடமை. அவர்களை எக்ஸிக்யூட்டராகப் போடுவதில் சட்டத் தடை இல்லை; நாலு தடவை விமானம் ஏறி வேலையை முடித்துவிடலாம். இருபது வருட டிரஸ்டுக்கு உள்ளூர் ஆள்தான் சரிப்படும். வெளிநாட்டுப் பிள்ளைக்கு வேறு இடம் இருக்கிறது: டிரஸ்டியை மாற்றும் அதிகாரத்தையும் வருடாந்தரக் கணக்கைக் கேட்டுப் பார்க்கும் அதிகாரத்தையும் அவருக்கு எழுதிவைக்கலாம்.

நலன் மோதல் என்பது நீதிமன்றப் பாஷை. வீட்டுப் பாஷையில் சொன்னால்: உங்கள் வீட்டை வாங்க ஆசைப்படும் தம்பியை டிரஸ்டியாகப் போடாதீர்கள். விற்க வேண்டிய டிரஸ்டி தானே அதை வாங்கக்கூடாது என்று 52-ஆம் பிரிவு தடுக்கிறது, பினாமியாகக்கூட முடியாது. அதே வீட்டில் குறைந்த வாடகைக்குக் குடியிருக்கும் மச்சான், உங்களிடம் கைமாற்று வாங்கித் திருப்பாத நண்பர், உங்கள் தொழிலில் கூட்டாளி, இவர்களும் அதே வகை. அவர்கள் கெட்டவர்கள் என்பதால் இல்லை. தன்னிடமே வசூலிக்க வேண்டிய நிலையில் ஒருவரைக் கொண்டுபோய் நிறுத்தக்கூடாது என்பதால்.

சட்டம் சொல்லாதவற்றையும் பாருங்கள். வயது உங்களைவிடப் பத்துப் பதினைந்தாவது குறைவாக இருக்கட்டும். 68 வயதுக்காரர் தன் 70 வயது அண்ணனை நியமிப்பது மரியாதைக்காக, வேலைக்காக அல்ல. அவர் தன்னுடைய வருமான வரிக் கணக்கைத் தவணை தவறாமல் தாக்கல் செய்கிறவரா? சொந்தக் கடனில் மூழ்கியிருக்கிறாரா? பயனாளி பணம் கேட்டு அழுதால் மறுக்கத் தெரியுமா? தேவையானபோது மறுக்காமல் கொடுக்கவும் தெரியுமா? இந்தக் கடைசி இரண்டும் ஒரே ஆளிடம் அமைவது அரிது. கஞ்சத்தனம் பிடித்த டிரஸ்டி பணத்தைக் காப்பாற்றிவிட்டுப் பயனாளியைப் பட்டினி போட்டுவிடுவார். அதுவும் கடமை தவறியதுதான்.

கேட்காமல் யாரையும் நியமிக்காதீர்கள். டிரஸ்டி பொறுப்பை ஏற்க எவரும் கட்டுப்பட்டவர் அல்ல. எக்ஸிக்யூட்டரும் நீதிபதி முன் வாய்மொழியாகவோ கையெழுத்திட்டு எழுத்திலோ மறுத்துவிடலாம். ஒருமுறை அப்படி மறுத்தால் பிறகு மனம் மாறி புரோபேட் (உயில் உண்மையானது என்று நீதிமன்றம் தரும் சான்று) கேட்க முடியாது. இதில் பலருக்குத் தெரியாத ஒரு முடிச்சும் இருக்கிறது. எக்ஸிக்யூட்டராக நியமித்தவருக்கே உயிலில் இரண்டு லட்சம் எழுதிவைத்திருந்தால், அவர் பொறுப்பை ஏற்காதபோது அந்தப் பணமும் அவருக்குக் கிடைக்காது என்கிறது வாரிசுரிமைச் சட்டத்தின் 141-ஆம் பிரிவு. மருமகன் என்ற பாசத்தில் கொடுக்கிறீர்கள் என்றால், பொறுப்பை ஏற்றாலும் ஏற்காவிட்டாலும் அவருக்குச் சேரும் என்று தெளிவாக எழுத வேண்டும்.

எத்தனை பேர்?

பணம் வாங்கி வைத்திருக்கும் டிரஸ்டுக்குக் குறைந்தது இரண்டு டிரஸ்டி வேண்டும் என்று 60-ஆம் பிரிவின் விளக்கமே சொல்கிறது. நல்ல யோசனை. ஒருவர் கையெழுத்தில் பணம் எடுக்க முடியாது என்பதே பாதித் திருட்டைத் தடுத்துவிடும்.

ஆனால் இருவர் என்றதும் ஒரு வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். பல எக்ஸிக்யூட்டர்கள் இருந்தால், உயிலில் மாற்றிச் சொல்லாதவரை, புரோபேட் பெற்ற எவர் ஒருவரும் தனியாகச் செயல்படலாம். டிரஸ்டிகள் அப்படி இல்லை. எழுதியவர் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால் எல்லோரும் சேர்ந்தே கையெழுத்திட வேண்டும், பெரும்பான்மை என்று ஒன்று கிடையாது. ஐந்து பிள்ளைகளுக்கும் மனம் கோணாமல் ஐந்து பேரையும் டிரஸ்டியாகப் போட்டால், ஒருவர் முரண்டு பிடித்தாலே வாடகை ஒப்பந்தம்கூடப் போட முடியாது. மூவரைப் போட்டு, இருவர் சம்மதித்தால் போதும் என்று எழுதுவது எங்கள் பார்வையில் பெரும்பாலான குடும்பங்களுக்குச் சரியாக வரும். குடும்பத்தில் இருவர், வெளியிலிருந்து ஒரு ஆடிட்டர் அல்லது வழக்கறிஞர். இருவரைப் போட்டால், அவர்களுக்குள் ஒத்துவராதபோது யார் சொல்வது இறுதி என்பதையும் எழுதிவிடுங்கள்.

மற்றவர் செய்த தவறுக்கு நான் பொறுப்பில்லை என்று சக டிரஸ்டி ஓரளவுதான் சொல்ல முடியும். பணத்தைக் கவனிக்காமல் ஒருவரிடமே விட்டுவிட்டாலோ, மோசடி தெரிந்தும் மூடி மறைத்தாலோ அவரும் ஈடுகட்ட வேண்டும். கையெழுத்துக்கு மட்டும் வந்து போகிறேன் என்பவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நியாயம்.

அதிகாரத்தை எழுதாவிட்டால் டிரஸ்டியின் கை கட்டப்பட்டிருக்கும்

சரியான ஆளைக் கண்டுபிடித்த பிறகும் பல டிரஸ்டுகள் நொண்டுவது இந்த இடத்தில். விற்கும் அதிகாரம் கொடுக்காத டிரஸ்டியால் வீட்டை விற்க முடியாது. எழுதியவர் அனுமதி தராவிட்டால் 21 வருடத்துக்கு மேல் குத்தகைக்கு விட நீதிமன்ற அனுமதி வேண்டும். முதலீடும் மத்திய அரசு அறிவித்த வகைகளிலோ டிரஸ்ட் ஆவணம் அனுமதித்த வகைகளிலோதான். அரசு அறிவித்த வகைகளில் வராத முதலீட்டிலும் போடலாம் என்று நீங்கள் எழுதவில்லை என்றால், நல்ல எண்ணத்தோடு போட்டு நஷ்டம் வந்தாலும் டிரஸ்டி தன் கைக்காசிலிருந்து கொடுக்க நேரிடும். மேலே சொன்ன மதுரைக் கணக்கில் அந்த ஒரு வரி இல்லாவிட்டால் இருபதாவது வருடத்தில் பணம் இருக்காது.

ஊதியமும் அப்படித்தான். எழுதாவிட்டால் டிரஸ்டிக்குச் சம்பளம் கிடையாது. கைச்செலவு மட்டும் திரும்பக் கிடைக்கும். உறவினர் முதல் வருடம் சும்மா செய்வார். ஐந்தாவது வருடம் தள்ளிப்போடுவார், பத்தாவது வருடம் ஃபோனை எடுக்க மாட்டார். நிலையான தொகை எழுதினால் விலைவாசியில் கரைந்துபோகும் என்பதால் டிரஸ்டின் வருட வருமானத்தில் இத்தனை சதவீதம் என்று எழுதுவது மேல்.

கணக்கு பற்றியும் ஒரு வரி வேண்டும். டிரஸ்டுக்குத் தனி பான் எண், தனி வங்கிக் கணக்கு, வருடத்துக்கு ஒருமுறை ஆடிட்டர் சரிபார்த்த வரவு செலவு, அதன் நகல் இன்னாருக்கு, இத்தனை தேதிக்குள். டிரஸ்ட் பணத்தைத் தன் சொந்தக் கணக்கில் போட்டு வைப்பதுதான் முதல் சறுக்கல். பெரும்பாலும் சோம்பலில் தொடங்கும். பிறகு எது யாருடையது என்று பிரிக்க முடியாமல் போகும், அதன்பின் பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ஆம் பிரிவில் நம்பிக்கை மோசடிப் புகார் வரை போகும்.

வருமான வரியை ஆடிட்டரிடம் விட்டுவிடலாம், ஆனால் ஒன்றை மட்டும் உயில் எழுதும் முன்பே கேளுங்கள். யாருக்கு எவ்வளவு என்று பங்கு நிர்ணயித்த டிரஸ்டில் பயனாளியின் வரி விகிதமே பொருந்தும். யாருக்கு எவ்வளவு என்பதை டிரஸ்டியே தீர்மானிக்கலாம் என்று விட்டால் பொதுவாக உச்ச வரி விகிதம். உயில் வழியாக ஏற்படுத்தும் ஒரே டிரஸ்டுக்கு இதில் சலுகை உண்டு. இரண்டாவதாக ஒரு டிரஸ்டை அதே உயிலில் சேர்த்தால் அந்தச் சலுகை போய்விடலாம்.

அவருக்குப் பிறகு யார்?

நியமித்தவர் உங்களுக்கு முன்பே இறக்கலாம், ஏற்றுவிட்டு நோய்வாய்ப்படலாம், ஊரைவிட்டே போகலாம். டிரஸ்டி இல்லாததால் டிரஸ்ட் செத்துவிடாது, ஆனால் புதியவரை நியமிக்க நீதிமன்றப் படி ஏற வேண்டியிருக்கும். பொறுப்பை ஒருமுறை ஏற்ற டிரஸ்டி விலகுவதும் சுலபமல்ல: நீதிமன்ற அனுமதியோ, மேஜரான பயனாளிகளின் சம்மதமோ, டிரஸ்ட் ஆவணத்தில் அதற்கான வழியோ வேண்டும். அந்த வழியை நீங்களே எழுதிவையுங்கள். மாதிரிக்கு (நிறைவேற்றுநர் என்பது எக்ஸிக்யூட்டர், அறங்காவலர் என்பது டிரஸ்டி):

“என் உயிலின் நிறைவேற்றுநராகவும் இதில் ஏற்படுத்தப்படும் டிரஸ்டின் அறங்காவலராகவும் இன்னாரை நியமிக்கிறேன். அவர் எனக்கு முன் காலமானாலோ, என் மறைவை அறிந்த 60 நாட்களுக்குள் எழுத்துமூலம் பொறுப்பை ஏற்காவிட்டாலோ, பின்னர் செயல்பட இயலாமல் போனாலோ, 90 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து விலகினாலோ, இன்னார் அந்தப் பொறுப்பை ஏற்க வேண்டும். அவரும் இல்லாதபோது புதிய அறங்காவலரை நியமிக்கும் அதிகாரம் இன்னாருக்கு உண்டு.”

இரண்டு மாற்று ஆளும், நியமிக்கும் அதிகாரம் உள்ள ஒருவரும் இருந்தால் பெரும்பாலும் போதும். உங்கள் வழக்கறிஞர் இதைச் சொத்துக்கு ஏற்றபடி திருத்திக் கொடுப்பார்.

உறவிலும் நட்பிலும் யாருமே அமையாதவர்களுக்கு அரசு வழி ஒன்று இருக்கிறது. சென்னையில் தமிழ்நாட்டின் அட்மினிஸ்ட்ரேட்டர் ஜெனரல் மற்றும் அஃபிஷியல் டிரஸ்டி அலுவலகம் இயங்குகிறது. அதன் பின்னால் இருப்பவை 1963, 1913-ஆம் ஆண்டுச் சட்டங்கள். அவர் சாக மாட்டார், ஊரைவிட்டுப் போக மாட்டார், யார் பக்கமும் சாய மாட்டார். கட்டணம் உண்டு. ஆனால் அவர் இன்னொருவரோடு சேர்ந்து டிரஸ்டியாக இருக்க மாட்டார், தனியாகத்தான். தொழில் நடத்த வேண்டிய டிரஸ்டைப் பொதுவாக ஏற்பதில்லை, மத நோக்கத்துக்கான டிரஸ்டும் அப்படியே. மகளுக்குச் சாப்பாடு பிடித்ததா என்று போய்ப் பார்க்கும் ஆளும் அவர் அல்ல. மாதாமாதம் பணம் தவறாமல் போய்ச் சேர வேண்டும் என்ற எளிய டிரஸ்டுக்குத்தான் பொருந்துவார். டிரஸ்டி சேவை தரும் தனியார் நிறுவனங்களும் வங்கிகளின் துணை நிறுவனங்களும் இருக்கின்றன. அவற்றின் ஆண்டுக் கட்டணத்தை டிரஸ்டின் ஆண்டு வருமானத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். 40 லட்ச ரூபாய் டிரஸ்டுக்கு அது கட்டுபடியாகாமல் போகலாம்.

உயிலைச் செல்லுபடியாக்குவது

எவ்வளவு நல்ல டிரஸ்டியைப் போட்டாலும் உயில் விழுந்தால் அவரும் விழுந்தார். உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை. குறைந்தது இரண்டு சாட்சிகள் நீங்கள் கையெழுத்திட்டதைப் பார்த்தோ, அது உங்கள் கையெழுத்துதான் என்று நீங்கள் சொல்லக் கேட்டோ, உங்கள் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். சாட்சியும் உங்களைவிட இளையவராக இருக்கட்டும். பிற்காலத்தில் நீதிமன்றத்தில் அவர்களில் ஒருவராவது வந்து சொல்ல வேண்டியிருக்கும். எக்ஸிக்யூட்டர் சாட்சியாக இருக்கத் தடையில்லை, என்றாலும் தவிர்ப்பது நல்லது. கிறிஸ்தவர்கள் ஒன்றைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்: சாட்சிக்கோ அவருடைய கணவன் அல்லது மனைவிக்கோ உயிலில் எழுதிவைத்தது செல்லாது. இஸ்லாமியர்கள் இறுதிச் சடங்கும் கடனும் போக மிஞ்சும் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், வாரிசுகளின் சம்மதம் இல்லாமல் உயில் எழுத முடியாது என்பதால் அவர்கள் டிரஸ்ட் பற்றி அந்தச் சட்டம் தெரிந்தவரிடம்தான் பேச வேண்டும்.

நியமிக்கப்படுபவர் உயிலால் பெரும் பலன் அடைபவராகவும் இருந்தால், உயில் தயாரிக்கும் வேலையில் அவரை ஈடுபடுத்தாதீர்கள். பலன் பெறுபவரே முன்னின்று எழுதவைத்த உயிலைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1959-இலேயே வேங்கடாசல ஐயங்கார் வழக்கில் சொல்லிவிட்டது. வழக்கறிஞருக்கு ஃபோன் செய்வது, சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் காரில் அழைத்துப்போவது எல்லாம் பிற்பாடு குறுக்கு விசாரணையில் வரும்.

புரோபேட் என்பது உயில் உண்மையானது என்று நீதிமன்றம் தரும் சான்று. உயிலில் பெயர் உள்ள எக்ஸிக்யூட்டருக்கு மட்டுமே அது கிடைக்கும். சென்னை மாநகரச் சொத்துகளுக்கு இந்துக்கள் எழுதும் உயில்களை நீண்டகாலமாகப் புரோபேட் இல்லாமல் நிலைநாட்ட முடியாது என்று இருந்தது. அதற்குக் காரணமான வாரிசுரிமைச் சட்டத்தின் 213-ஆம் பிரிவை 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. இனி கட்டாயமில்லை என்றாலும், வாரிசுகளுக்குள் முணுமுணுப்பு இருக்கும் வீட்டில் புரோபேட் வாங்கிவிடுவது எக்ஸிக்யூட்டருக்கே பாதுகாப்பு. வாங்கினால் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலையும் ஒரு வருடத்துக்குள் கணக்கையும் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். கொடுக்க வேண்டியதை இறந்து ஒரு வருடம் ஆகும்முன் கொடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் எக்ஸிக்யூட்டருக்கு இல்லை. முதலில் இறுதிச் சடங்குச் செலவு, பிறகு நீதிமன்றச் செலவு, பிறகு கடைசி மூன்று மாத வேலையாள் சம்பளம், பிறகு மற்றக் கடன்கள்; அதற்கு அப்புறம்தான் பங்கு. வரிசையை மாற்றிப் பிள்ளைகளுக்கு முதலில் கொடுத்துவிட்டால் கடன்காரர் எக்ஸிக்யூட்டரைப் பிடிப்பார்.

ஒரு கோப்பு

நியமனம் பேசி முடிந்ததும் ஒரு கோப்பு தயார் செய்யுங்கள். தாய்ப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, சொத்து வரி ரசீது, வைப்பு ரசீது எண்கள், டிமேட் கணக்கு, பாலிசிகள், லாக்கர் சாவி இருக்கும் இடம். அதோடு யாரும் எழுதி வைக்காத சங்கதிகளையும் எழுதுங்கள்: எந்தச் சீட்டில் எத்தனை தவணை பாக்கி, எந்த நகை எங்கே அடகில், யாருக்குக் கைமாற்று கொடுத்தீர்கள், எந்தப் புரோநோட்டு எந்தத் தேதியில் எழுதியது. புரோநோட்டுக் கடனை வசூலிக்க வழக்குப் போட மூன்று வருடம்தான் கெடு. நீங்கள் இறந்து ஒரு வருடம் கழித்துக் காகிதம் கையில் கிடைத்தால் டிரஸ்டியால் ஒன்றும் செய்ய முடியாமல் போகலாம்.

கூடவே ஒரு விருப்பக் கடிதம். மகளுக்குக் காலையில் என்ன மாத்திரை, யார் தொட்டால் பயப்படுவாள், வீட்டை விற்பதாக இருந்தால் குடியிருப்பவரிடம் முதலில் கேட்க வேண்டுமா என்பதெல்லாம் உயிலில் எழுத முடியாதவை. சட்டப்படி கட்டுப்படுத்தாது, ஆனால் டிரஸ்டி எந்த இருட்டிலும் தடவ வேண்டியிருக்காது.

உயிலின் அசலை டிரஸ்டியின் வீட்டு அலமாரியில் மட்டும் வைக்காதீர்கள். மூடி முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்து வைக்கலாம், பதிவுச் சட்டம் அதற்கு வழி வைத்திருக்கிறது. எந்தப் பதிவாளர் அலுவலகம், எந்தத் தேதி என்ற விவரத்தை இரண்டு பேரிடம் சொல்லிவையுங்கள். டிரஸ்டிகளில் ஒருவர் இறந்தாலோ, வெளிநாடு போனாலோ, அவருக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் பேச்சுவார்த்தை நின்றாலோ உடனே உயிலைத் திருத்துங்கள். சின்ன மாற்றம் என்றால் இணைப்பு உயில் போதும், அதற்கும் இரண்டு சாட்சிகள் வேண்டும். பழைய தாளில் பெயரை அடித்து மேலே எழுதுவது மட்டும் வேண்டாம்.